அழைக்கப்படாதோர் பட்டியல்

கல்யாண வீட்டில் ஐம்பது பேருக்கு மேல் சோறு போடக் கூடாது என்று எழுபத்து நாலாம் வருஷம் உத்தரவு வந்தது. போடிநாயக்கனூரில் அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் பால்சாமி.

அவன் குரங்கணிக்கு மேலே ஓர் எஸ்டேட்டில் ஏலக்காய் வாட்டும் ஸ்டோரில் வேலை செய்தான். மகள் ஜக்கம்மாளுக்கு ஆவணியில் கல்யாணம். ரேஷனில் வாங்கியதும் அங்கே இங்கே கெஞ்சி வாங்கியதுமாக வீட்டில் இருபது கிலோ அரிசி இருந்தது. அதற்கு மேல் ஒரு படி கிடைக்காது. மலை வழியாகக் கேரளாவுக்கு அரிசி கடத்துகிறவர்களே சரக்கு இல்லாமல் சும்மா உட்கார்ந்திருந்த வருஷம் அது. சொந்த ஊரான சிலமலையில் மட்டும் பால்சாமிக்கு எழுபது வீடு உறவு. எல்லாரும் வந்து உட்கார்ந்தால் பாதிப் பேர் வெறும் இலையைப் பார்த்துவிட்டு எழுந்திருக்க வேண்டும்.

ஆளைக் குறைக்கலாம் என்றால் வழக்கம் விடாது. கல்யாணம் வைத்தவன் வெற்றிலை பாக்கோடு வீடு வீடாகப் போக வேண்டும். ஒரு வீட்டை விட்டுவிட்டால் அந்த வீட்டுக்காரன் செத்த பிறகும் அவன் மகன் அதை ஞாபகம் வைத்திருப்பான். இப்போது சர்க்காரே குறுக்கே நிற்கிறது. யார் கேட்டாலும் பழியை அதன் மேல் போட்டுவிடலாம்.

சர்க்கார் தனக்கு ஒரு நல்லது செய்திருக்கிறது என்று பால்சாமி நினைத்தான். அவனுக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. அந்த வயதில் அப்படி நினைத்திருக்கக் கூடாது.

புருஷனும் பெண்டாட்டியும் உட்கார்ந்து பட்டியல் போட்டார்கள். கருத்தம்மாள் சொல்லச் சொல்ல அவன் எழுதினான். முக்கியமானவர்கள் மட்டும் நூற்றுத் தொண்ணூறு பேர் வந்தார்கள். பிறகு வெட்ட ஆரம்பித்தார்கள்.

“மாப்பிள்ளை வீட்டாளு இருவத்தாறு. அதுல கை வைக்க முடியாது. ஒம் பெரியப்பன வெட்டட்டுமா?” என்றான் பால்சாமி.

“அவரு எனக்கு அப்பா மாதிரி.”

“மாதிரிதான.” வெட்டினான்.

“அப்ப ஒங்க தம்பி அமாவாசைய வெட்டுங்க.”

“சித்தப்பா மகன்தான்னாலும் கூடப்பொறந்தவன் மாதிரிடி.”

“மாதிரிதான,” என்றாள் கருத்தம்மாள்.

விளக்கு வைப்பதற்குள் பட்டியல் ஐம்பதில் வந்து நின்றது. இருவரும் சற்று நேரம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

விருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகம் கடைவீதியில் சிக்கந்தர் ராவுத்தரின் கடைக்கு மாடியில் இருந்தது. மனுத்தாள்களைக் கீழே சிக்கந்தரே விற்றார்.

“எத்தனை தாளு?” என்று கேட்டார்.

“ஒண்ணு போதும் பாய்.”

சிக்கந்தர் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். “ஒரு கட்டா வாங்கிக்கப்பா. திரும்பத் திரும்ப எறங்கி வரணும். இந்த ஆபீசு வந்ததுலருந்து நம்ம கடையில ஏலக்காயவிட இதுதான் நல்லா ஓடுது.”

மாடியில் அதிகாரி திருப்பதி உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் சுவரில் ‘அளவோடு உண்போம்’ என்று எழுதிய பலகை தொங்கியது. அதற்கு நேர்கீழே நாலு அடுக்கு டிபன் கேரியர் ஒன்று இருந்தது. அவர் பட்டியலை இரண்டு தரம் எண்ணினார்.

“ஐம்பது பேர். சரி. மத்தவங்க எங்க?”

“மத்தவங்கள அழைக்கலைங்கய்யா.”

“அழைக்கலைன்னு நான் எப்படி நம்புறது?”

பால்சாமி பட்டியலை அவர் பக்கமாகத் திருப்பி வைத்தான்.

“அழைச்ச ஆளை எண்ணிடலாம்யா. அழைக்காத ஆளை எண்ணணும், அதுக்குத்தான் ஒரு ஆபீசே வேண்டியிருக்கு.” திருப்பதி மேசையில் இருந்த சட்டப் புத்தகத்தைத் தட்டினார். “அழைக்கப்படாதோர் பட்டியல்னு ஒண்ணு இருக்கு. மூணு பிரதி. ‘நான் இந்தத் திருமணத்துக்கு அழைக்கப்படவில்லை. மணவீட்டார் சோற்றை உண்ண மாட்டேன். என் சோற்றையும் அங்கே பிறருக்குக் கொடுக்க மாட்டேன்.’ இப்படி ஒவ்வொருத்தரும் கையெழுத்துப் போடணும். அவங்க வீட்டுக்கு நேர்ல போய் வாங்கணும்.”

“அழைக்காதவங்க வீட்டுக்கா?”

“அழைச்சவங்க வீட்டுக்குத்தான் எல்லாரும் போறாங்களே. அதுல என்ன சிக்கனம் இருக்கு?” அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். “ஐம்பதுக்குள்ள முடியாதுன்னு நினைக்காதே. மனசுதான் வேணும். போன மாசம் என் பொண்ணுக்கு முடிச்சேன். பந்திக்கு ஐம்பது பேர். ஒரு ஆள் கூடலை.”

“எத்தனை பந்திங்கய்யா?”

“பதினேழு.”

பால்சாமி தயங்கினான். “அப்ப நானும் சின்னதா ரெண்டு பந்தி…”

“யோவ். சட்டத்துக்கு விளக்கம் சொல்றதுக்கு நீ யாரு? விதி ஒன்பது. விளக்கம் சொல்ற அதிகாரம் எனக்கு மட்டும்தான்.”

பால்சாமி கீழே இறங்கி ஒரு கட்டுத் தாள் வாங்கினான்.

ஞாயிற்றுக்கிழமை சிலமலைக்குப் பஸ்சேறினான். முதலில் அமாவாசை வீட்டுக்குப் போனான்.

“வாங்கண்ணே. பாக்கு வைக்க வந்தீகளா?”

“இல்லப்பா. ஒன்னைய அழைக்கலைன்னு கையெழுத்து வாங்க வந்தேன்.”

அமாவாசை மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தான். கையில் இருந்ததைக் கீழே போட்டான். “அழைக்கலைன்னு சொல்றதுக்கா போடியிலருந்து வந்தீக?”

“ஆமா.”

“பஸ்சுக்குக் காசு குடுத்து?”

“ஆமாப்பா.”

அமாவாசை யோசித்தான். அந்த ஊரில் கல்யாணச் சோலியாக ஒருவன் வீட்டு வாசலில் வந்து நின்றால் அது மரியாதை. என்ன சொல்ல வந்தான் என்பது அதற்கு அடுத்ததுதான். வீடு தேடி வந்தவனை உட்காரவைத்து மோர் கொடுத்தான். கையெழுத்தும் போட்டான்.

மத்தியானத்துக்குள் சேதி ஊரெங்கும் பரவியது. பால்சாமி ஒவ்வொரு வீடாக நேரில் வந்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அழைக்கவில்லை என்று சொல்கிறானாம். பெண்கள் வாசல் தெளித்து வைத்துக் காத்திருந்தார்கள். ஒரு வீட்டில் திருநீறு பூசிவிட்டார்கள். இன்னொரு வீட்டில், பட்டியலில் தன் பெயர் கொழுந்தன் பெயருக்குக் கீழே இருப்பதாகச் சொல்லி ஒருத்தி கைநாட்டு வைக்க மறுத்தாள். அவளுக்காகப் புதுத் தாளில் முதலிலிருந்து எழுதினான்.

மேலத்தெருவில் அவனுக்குத் தூரத்து உறவுகூட இல்லாத வீரப்பப் பண்ணையார் வழிமறித்தார்.

“ஏம்ப்பா, ஊரு பூராவும் அழைக்காதவுக லிஸ்ட்டுல இருக்காம். எங்க வீட்டுக்கு மட்டும் வரல. அழைக்காம விடுறதுக்குக்கூட நாங்க ஒனக்கு ஆகலையோ?”

அவரையும் சேர்த்தான். மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் எழுபது வீடு தொண்ணூற்றிரண்டு ஆனது. இருநூற்று எண்பத்து நாலு பேர், ஆளுக்கு மூன்று கையெழுத்து. அத்தனையையும் துணியில் கட்டி மாடிக்குக் கொண்டுபோய் வைத்தான்.

திருப்பதி அந்தக் கட்டை வெகுநேரம் பார்த்தார். அதுவரை எவனும் அழைக்கப்படாதோர் பட்டியலை முழுசாகக் கொடுத்ததில்லை. மற்றவர்கள் அதை வேறு விதமாக முடித்துக்கொண்டார்கள். டிபன் கேரியர் நாலு அடுக்கும் நிரம்பியது அப்படித்தான்.

“இதை மேலிடத்துக்கு எழுதப் போறேன். மாவட்டத்துக்கே இது மாதிரித் திருமணம்,” என்றார்.

பத்து நாள் கழித்து ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். அவர் முகம் கல்யாண வீட்டுக்காரர் முகமாக இருந்தது.

“மதுரையிலருந்து நம்ம இலாகாப் பெரியவர் வர்றார். மாவட்ட அளவில எல்லாரும் வர்றாங்க. சிக்கனம் பரவணும்னா முதல்ல அதிகாரிகள் குடும்பத்தில பரவணும், அதனால குடும்பத்தோட வர்றாங்க. மொத்தம் நாற்பத்தாறு பேர். பத்திரிகைக்காரர் ஒருத்தரையும் கூட்டி வர்றேன், அவர் கணக்கில வரமாட்டார், அவருக்கு வயிறு சரியில்லை.”

“அவுகளுக்குச் சாப்பாடுங்கய்யா?”

“எளிமையா சமைச்சிருக்கான்னு வாயில வச்சாத்தானே தெரியும்?”

“எங்காளு ஐம்பது இருக்கே. கூடிப்போயிருமேங்கய்யா.”

“கூடக் கூடாது. அங்கதான் நீ முன்மாதிரியா நிக்கிறே.” திருப்பதி குரலைத் தாழ்த்தினார். “உன் பட்டியல்ல நாற்பத்தாறு பேரை எடுத்துடு. மீதி நாலு இலை இருக்கு. பொண்ணு, மாப்பிள்ளை, அவனைப் பெத்தவங்க ரெண்டு பேர். ஒரு குறையும் இல்லை.”

“நானும் எம் பொண்டாட்டியும்?”

“உன் வீட்டுக் கல்யாணத்துல நீ என்ன விருந்தாளியா?”

இந்த உத்தரவை அவர் எழுத்தில் கொடுக்கவில்லை. இப்படிப்பட்டவற்றை யாரும் எழுத்தில் கொடுப்பதில்லை.

பால்சாமி பொட்டிபுரம் போனான். மாப்பிள்ளையின் அப்பா ஒச்சப்பன் தோட்டத்தில் நின்றார். சேதியைக் கேட்டுவிட்டு மண்வெட்டியைக் கழுவி ஓரமாக வைத்தார்.

“அப்ப எங்காளுக அழைக்கப்படாதவுகளா?”

“தாள்ல அப்படித்தான் வரும்.”

“நான் சண்டை போடல சம்பந்தி. எங்காளுக்கு மொதப் பந்தியில இலை விழலைன்னா தாலி எம் மடியிலயே இருக்கும். நீங்க பொண்ணக் கூட்டிக்கிட்டு வீட்டுக்குப் போகலாம். அம்புட்டுதான் சோலி.”

வீட்டில் கருத்தம்மாள் கேட்டு அழுதாள். ஜக்கம்மாள் அழவில்லை. அவள் கல்யாணச் சேலைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள்.

“அந்த ஆபீசர் மகளுக்குப் பதினேழு பந்தியாம்ல,” என்றாள். “எனக்கு நாலு இலையாப்பா?”

பால்சாமிக்குக் கோபம் வந்தது. அது ஏலக்காய் வாட்டுகிறவனின் கோபம். ஸ்டோரில் அடுப்பு வெளியே இருக்கும், காய் உள்ளே இருக்கும். உள்ளே நெருப்பே தெரியாது. சூடு மட்டும் நிதானமாகப் போய்க்கொண்டிருக்கும். இரண்டு நாளில் காய் தானாகச் சுருங்கும்.

மறுநாள் சிக்கந்தரிடம் இடம் மாற்றும் மனுத்தாள் ஒன்று வாங்கினான். கல்யாணத்தைப் போடியிலிருந்து எஸ்டேட் ஸ்டோருக்கு மாற்ற வேண்டும். காரணம்: மண்டபம் ஆடம்பரம். பந்தி நேரம் என்ற இடத்தில் காலை எட்டு மணி என்று எழுதினான். திருப்பதி காரணத்தை மட்டும் படித்தார்.

“மலை மேல எளிமை. பெரியவருக்கு ரொம்பப் பிடிக்கும். ஜீப்பு போகும்ல?”

“குரங்கணி வரைக்கும் போகுங்கய்யா. அங்கிட்டு கொஞ்சம் நடக்கணும்.”

“கொஞ்சம்னா?”

“நாங்க தெனம் நடக்குறதுதாங்கய்யா.”

திருப்பதி கையெழுத்துப் போட்டார். அந்தத் தாள் இலை எண்ணுநர் வீரணனிடம் போனது. கல்யாண வீடுகளில் சாப்பிட்டுப் போட்ட இலைகளை எண்ணுவது அவர் உத்தியோகம். அந்த அலுவலகத்தில் சட்டத்தை முழுசாகப் படித்திருந்தவர் அவர் ஒருவர்தான். முன்பிருந்த இலாகாவிலும் அவர் அப்படித்தான், அதனால் பதினோரு வருஷமாக அவருக்குப் பதவி உயர்வு இல்லை. ஐம்பது பேர் பட்டியல் முத்திரை போட்டு அவர் பையில் இருந்தது. அதை மாற்றச் சொல்லி அவருக்கு எந்தத் தாளும் வரவில்லை.

அந்த வாரம் சந்தைக்கு வந்த அமாவாசை பால்சாமியைத் தேடி வந்தான்.

“அண்ணே, அந்தத் தாள நம்ம வாத்தியாரு திரும்பப் படிச்சாரு. வரக்கூடாதுன்னு அதுல இல்லையாம். ஒங்க சோத்தத் திங்கக்கூடாது, எங்க சோத்த அடுத்தவுகளுக்குக் குடுக்கக்கூடாது. அம்புட்டுதானாம்.”

“ஆமா.”

“எங்க சோத்த நாங்களே தின்னா?”

பால்சாமி அவனைப் பார்த்தான். அந்த மாதத்தில் முதல் தடவையாக அவன் முகம் கொஞ்சம் இளகியது. “மல மேல குளுரும்ப்பா. கட்டுச்சோறு கொஞ்சம் கூடவே கொண்டாங்க,” என்றான்.

கல்யாணத்தன்று விடிவதற்குள் எல்லாரும் மேலே வந்துவிட்டார்கள். சிலமலைக்காரர்களில் பாதிப் பேர் ஏலத் தோட்டத்துக்கு ஏறி இறங்கிப் பழகியவர்கள். வீரணன் முதல் நாள் சாயங்காலமே ஏறி வந்து, தன் கட்டுச்சோற்றைத் தின்றுவிட்டு, அண்டாவுக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டார். முதல் இலை விழும்போது எண்ணுநர் இருக்க வேண்டும் என்பது விதி.

ஏழு மணிக்குத் தாலி கட்டியாயிற்று. எட்டு மணிக்குப் பந்தி. ஒச்சப்பன் வீட்டார் இருபத்தாறு பேருக்கும் முதல் இலை விழுந்தது. அவர் ரசத்தை இரண்டு தரம் வாங்கிக் குடித்தார். அழைக்கப்பட்ட ஐம்பது பேரும் வயிறு நிறையத் தின்றார்கள். வீரணன் இலைகளைப் பத்துப் பத்தாகக் கட்டி, எண்ணி, எழுதி, அண்டாவின் மூடி மேல் அரக்கு உருக்கி முத்திரை வைத்தார்.

அதிகாரிகள் எட்டரைக்குத்தான் குரங்கணியில் ஜீப்பை விட்டு இறங்கினார்கள். பால்சாமி சொல்லிவிட்டிருந்த பாதையில் ஏறி ஸ்டோர் வாசலுக்கு வரும்போது பகல் ஒரு மணி ஆகிவிட்டது. ஆவணி மழையில் மலை முழுக்க அட்டை. பெண்கள் பட்டுச்சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார்கள். மதுரைப் பெரியவரின் செருப்புக்குள் ரத்தம் நொதுநொதுத்தது. கல்யாணச் சாப்பாட்டை நினைத்து யாரும் காலையில் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை.

பெரியவர் ஒரு கல் மேல் உட்கார்ந்தார். பத்திரிகைக்காரர் நோட்டைத் திறப்பதைப் பார்த்ததும் எழுந்து நின்றார். வழக்கம் அது.

“நம் நாட்டின் பசிக்குக் காரணம் என்ன?” என்று ஆரம்பித்தார். “அடுத்தவன் பங்கை நாம் உண்பது. ஒவ்வொரு விருந்திலும், அழைக்கப்படாமலே வந்து உட்காருகிற ஒரு கூட்டம் இருக்கிறது. அந்தக் கூட்டத்தைப் பட்டினி போட்டால்தான் தேசம் உருப்படும்.” காதுக்குப் பின்னால் இருந்த அட்டையைப் பிடுங்கி எறிந்தார். “என் பேச்சை இத்துடன் முடித்துக்கொள்கிறேன். இலை போடச் சொல்லுங்கள்.”

எல்லாரும் கை தட்டினார்கள். யாரும் இலை போடவில்லை.

வீரணன் பேரேட்டோடு முன்னால் வந்தார். “ஐம்பது இலை முடிஞ்சதுங்கய்யா. பட்டியல்படி சரியா இருக்கு. மிச்சச் சோத்த சீல் வச்சாச்சு.”

“முடிஞ்சதா? யாரைக் கேட்டுய்யா பந்தி போட்டே?” என்றார் திருப்பதி.

“ஒங்க கையெழுத்துல எட்டு மணின்னு இருக்கு.”

“சரி, சீலை உடை.”

“உடைக்கிறேங்கய்யா. உடைச்சா அடுத்த இலை ஐம்பத்தொண்ணு. போட்டவருக்கும் தின்னவருக்கும் மூணு மாசம். பேரு எழுதணும்.” வீரணன் பேனாவைத் திறந்தார். “மொத இலை யாருக்குங்கய்யா? ஒங்களுக்கா, பெரியவருக்கா?”

பெரியவர் திருப்பதியைப் பார்த்தார். பத்திரிகைக்காரர் எழுதிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் ஸ்டோருக்குப் பின்னால் இருந்து அழைக்கப்படாதோர் வந்தார்கள். இருநூற்று எண்பத்து நாலு பேர். காய் உலர்த்தும் களத்தில் வரிசையாக உட்கார்ந்து மூட்டைகளை அவிழ்த்தார்கள். புளிச்சோறு, தேங்காய்த் துவையல், வறுத்த கருவாடு. மலைக் காற்று கருவாட்டு வாசத்தை அதிகாரிகள் பக்கமாகவே கொண்டுவந்தது.

திருப்பதியின் மனைவிக்குத் தாங்கவில்லை. அமாவாசையின் பெண்டாட்டிக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தாள். “ஒரு கை குடும்மா.”

உட்கார்ந்திருந்தவள், உருட்டிய கவளத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள். “குடுக்கக் கூடாதுன்னு ஒங்க வீட்டுக்காரருதான ஆத்தா மூணு தாள்ல கைநாட்டு வாங்க வச்சிருக்காரு. வீடு தேடி வந்து வாங்குனது. மீற முடியுமா?” சொல்லிவிட்டு வாயில் போட்டுக்கொண்டாள்.

களத்தில் யாரும் சிரிக்கவில்லை. மும்முரமாகத் தின்றார்கள். மேலத்தெருப் பண்ணையார் கருவாட்டைக் கடித்துவிட்டு, நல்ல பதம் என்று பொதுவாகச் சொன்னார்.

திருப்பதி பால்சாமியை ஓரமாக இழுத்தார். “என் வேலைக்கே ஆபத்துய்யா. பெரியவர் மயங்கி விழப்போறார். ஏதாவது வழி சொல்லு.”

“வழி இருக்கும்ங்கய்யா,” என்றான் பால்சாமி. “ஆனா சட்டத்துக்கு விளக்கம் சொல்ற அதிகாரம் எனக்கு இல்லைங்களே.”

ஜக்கம்மாள் மாலையும் கழுத்துமாக வந்து எல்லாருக்கும் செம்பில் ஓடைத் தண்ணீர் கொடுத்தாள். தண்ணீர் கட்டுப்பாட்டில் வரவில்லை. பெரியவர் மூன்று செம்பு குடித்தார். ஒச்சப்பன் மருமகளைப் பார்த்துவிட்டு, அதிகாரிகள் காதில் விழும்படி நிதானமாக ஒரு ஏப்பம் விட்டார்.

மூன்று மணிக்கு மழை இருட்டிக்கொண்டு வந்தது. நாற்பத்தாறு பேரும் எழுந்தார்கள். பெரியவர் மணமக்களை வாழ்த்த மறந்துவிட்டார்.

“சீக்கிரமா கீழே போக எது வழி?” என்று போகிற போக்கில் கேட்டார் திருப்பதி.

பால்சாமி கும்பிட்டபடியே அவர்கள் ஏறி வந்த பாதையைக் காட்டினான். அவர்கள் ஒவ்வொருவராக ஏலச்செடிகளுக்குள் இறங்கி மறைகிறவரை வாசலிலேயே நின்றான். ஸ்டோருக்குப் பின்னால் குரங்கணிக்கு ஒரு மணி நேரத்தில் இறங்குகிற பாதை ஒன்று இருந்தது. கல் பாவியது, அட்டை கிடையாது. அதைப் பற்றி யாரும் எழுத்து மூலம் கேட்கவில்லை.